முந்நூற்று ஒன்றாவது ஆணி

எங்கள் நாட்டுக்கு யானை வேண்டுமா, பனைமரம் வேண்டுமா என்று பதினோரு மாதம் சண்டை போட்டோம். யானையையோ பனைமரத்தையோ நேரில் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. பார்த்திருக்க வழியும் இல்லை. நாங்கள் எல்லோரும் செவ்வாயில் பிறந்தவர்கள்.

சண்டை நடந்த இடம் தேசிய அடையாளக் குழு. தலைவர் வேதரத்தினம். செயலாளர் தணிகாசலம், அதாவது நான். எங்களை ஆண்ட கம்பெனி விட்டுத் தொலைந்து பத்தாம் ஆண்டு நிறையப் போகிறது, அதற்குள் எங்கள் நிலத்தடி ஊரான மூன்றாம் குழியில் ஒரு மக்கள் மன்றம் எழும்ப வேண்டும், பார்த்த மாத்திரத்தில் 'இது நம்முடையது' என்று ஒவ்வொருவரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டும் என்பது அரசு உத்தரவு. மூன்றாம் குழிக்குச் செந்நகர் என்று புதுப்பெயர் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. கடிதத்தில்தான் செந்நகர். வாயில் இன்னமும் மூணாங்குழிதான்.

குழுவில் ஆளுக்கொரு பாட்டன் ஊர் இருந்தது. ஒருவர் கோபுரம் கேட்டார். ஒருவர் மினார் கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் பூர்வீகம் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், மழைத்தண்ணீர் வழிந்தோடக் கூரையைச் சரிவாக வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மழையா? எங்கள் ஊரிலா? நான் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இன்னொருவர் மட்டும் கொஞ்சம் துணிந்து, கம்பெனி அலுவலகத்தில் இருப்பது போல நாலு தூண் வைத்தால் கம்பீரமாக இருக்குமே என்றார். அவரோடு மற்றவர்கள் ஒரு வாரம் பேசவில்லை.

அப்போதுதான் கட்டடக் கலைஞர் செண்பகவல்லி ஒரே ஒரு தாளோடு வந்தார். முப்பத்தெட்டு வயது, மூன்றாம் குழியில் பிறந்தவர். பத்து வயதிலேயே மாமா வீட்டுக்கு, ஒன்றாம் குழிக்குப் போய்ப் படித்துவிட்டு, இந்த வேலைக்காகத்தான் திரும்பி வந்திருந்தார். தாளில் தாழ்வான ஒரு வட்டக் கூடம். எங்கள் சிவப்பு மண்ணையும் கந்தகத்தையும் உருக்கி வார்த்த சுவர். தூண் இல்லை, கோபுரம் இல்லை, யானை இல்லை. பன்னிரண்டடி அகலத்தில் ஒரே கதவு.

தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நாம யாருன்னு எங்கம்மா இருக்கு?"

"கதவுல இருக்கு ஐயா. கதவுப் பக்கத்துல ஆணிப் பலகை இல்ல பாருங்க."

தாள் மேசையைச் சுற்றிக் கைமாறிப் போயிற்று. பிறகு தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். நானும் தட்டினேன்.

பூமியில் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் காற்று வெளியில் கிடக்கிறது. எங்களுக்கு அது அறைக்கு அறை அளந்து வருகிறது. கம்பெனி காலத்தில் ஒவ்வொரு கதவுக்கு வலப்பக்கமும் ஒரு பலகை இருக்கும். அந்த அறைக் காற்று நாற்பது பேருக்குத் தாங்கும் என்றால் நாற்பது ஆணி. ஒவ்வொருவர் கழுத்திலும் எண் பொறித்த ஓர் இரும்பு வில்லை தொங்கும். உள்ளே போகும்போது வில்லையைக் கழற்றி ஆணியில் மாட்டுவோம், வெளியே வரும்போது எடுத்துக்கொள்வோம். ஆணி நிறைந்தால் கதவு மூடிவிடும். அதற்குப் பிறகு வருபவர் உங்கள் அம்மாவாக இருந்தாலும் வெளியேதான்.

விடுதலை வந்த மாதமே பலகைகளைப் பிடுங்க உத்தரவு வந்தது. இனி அந்த அடிமைப் பட்டயம் வேண்டாம் என்று வேதரத்தினம்தான் தன் வில்லையை முதல் ஆளாக உலையில் வீசினார். அதற்குப் பதிலாகப் புதிய காற்று இயந்திரங்கள் வந்தன. கதவு நிலைக்கு மேலே ஒரு கண் இருக்கும். உள்ளே நுழையும் தலைகளை அதுவே எண்ணி, அதற்குத் தகுந்தாற்போலக் காற்றைக் கூட்டும். மன்றத்துக்கு வைத்த இயந்திரம் முந்நூறு பேர் காற்றில் தொடங்கி ஆயிரம் பேர் வரை போகக்கூடியது.

கட்டுமானம் நடந்த நாட்களில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் செண்பகவல்லியிடம் கேட்டேன், கதவு மேல் அப்படி என்ன பிடிவாதம் என்று.

"எங்க அக்கா, செயலாளர் சார்," என்றார். "தெய்வானைன்னு பேரு. பதினேழு வயசு. எனக்கு ஒம்பது. அம்மா இல்லாத வீடு, அவதான் எனக்குத் தலை பின்னிவிடுவா. இடதுகைக்காரி, அதனால பின்னல் எப்பவும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். அன்னிக்குப் புழுதிப்புயல். மேல வேலை செஞ்சவங்க எல்லாம் ஏழாம் கதவுக்கு ஓடி வந்தாங்க. நாப்பது ஆணி. அவ நாப்பத்தொண்ணாவது ஆள்."

அவர் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு சங்கிலியை இழுத்துக் காட்டினார். அதில் 212 என்று பொறித்த ஒரு வில்லை இருந்தது.

"இத மட்டும் வீட்டுக்கு அனுப்பினாங்க. யாரையும் திருப்பி அனுப்பாத கதவு ஒண்ணாவது கட்டிட்டுத்தான் நான் ஓய்வேன்."

அன்று முதல் அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கும் ஒரு வெறி வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சுவர் வார்க்கக் கட்டியிருந்த பலகைகளைப் பிரித்தார்கள். செண்பகவல்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். கதவுக்கு வலப்பக்கச் சுவர் முழுக்க ஆணிகள். வரிசைக்கு முப்பது, பத்து வரிசை. இடப்பக்கம் தனியாக, தோளுயரத்துக்குச் சற்றுக் கீழே, ஒரே ஓர் ஆணி.

கொத்தனார் மேஸ்திரி சவரிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஐம்பது கடந்தவர், பேச்சு குறைவு.

"என்ன மேஸ்திரி இது? படத்துல ஆணி இருக்கா?" என்றார் செண்பகவல்லி.

"இல்லம்மா."

"பின்ன?"

"படத்து ஓரத்துல முந்நூறுன்னு போட்டிருந்துச்சு. பசங்க அதைப் பாத்துட்டு வார்ப்புலயே வெச்சிட்டானுங்க. கதவுன்னா ஆணி இல்லாமலான்னு..."

"அது காத்து அளவு! இயந்திரத்துக்கு எழுதினது! முப்பது வருஷமா நான் எதை வேண்டாம்னு நெனச்சேனோ அதையே என் சுவத்துல அடிச்சு வெச்சிருக்கீங்க. இடப்பக்கம் அது என்ன ஒத்தையா?"

சவரிமுத்து அந்த ஆணியைப் பார்த்தார். செண்பகவல்லியைப் பார்த்தார்.

"பழக்கம்மா," என்றார்.

"எல்லாத்தையும் பிடுங்குங்க."

"பிடுங்குனா நிலையோட சேந்து வெடிச்சிரும். காத்து கசியும். திரும்ப வார்க்க ரெண்டு மாசமாகும்."

செண்பகவல்லி அங்கேயே மண்மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மூளை இந்த மாதிரி நேரத்தில்தான் தறிகெட்டு ஓடும். பதினோரு மாதம் குறிப்பு எழுதியவன் இல்லையா? தலைவரிடம் போய், சுவரில் முந்நூறு நட்சத்திரங்கள் வைத்திருக்கிறோம், முதல் கப்பலில் வந்த முந்நூறு குடும்பங்களின் நினைவாக என்று அடித்துவிட்டேன். முதல் கப்பலில் எத்தனை குடும்பம் வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

தலைவர் கண்கலங்கிவிட்டார். "இடப்பக்கம் தனியா ஒண்ணு இருக்காமே?"

"அது... பூமி ஐயா. தூரத்துலேர்ந்து பாத்தா."

"அடடா!" என்றார். அன்றே உரையில் சேர்த்துவிட்டார். அதோடு விட்டாரா? இவ்வளவு அர்த்தமுள்ள கதவுக்கு மேலே ஒரு சின்னம் இல்லையென்றால் எப்படி என்று, நட்சத்திரம் பொறித்த நாலடித் தகடு ஒன்று செய்யச் சொன்னார். அதை நிலையின் நட்டநடுவில் பொருத்தும்படி எழுதிய ஆணையில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இதை நான் எங்கும் மறைத்ததில்லை.

விழா நாள் காலை பத்து மணிக்குச் சுரங்கவழி நிரம்பி வழிந்தது. சுரங்கவழி என்பது எங்கள் ஊர்த் தெரு, அதற்குக் காற்று தனி. அறுநூறு பேருக்குக் குறையாது. குழந்தைகளுக்குப் புதுச்சட்டை. பெண்கள் காகிதப் பூ வைத்திருந்தார்கள். செண்பகவல்லி கதவோரம் நின்று எல்லோரையும் கைகூப்பி வரவேற்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் வலப்பக்கச் சுவரை மட்டும் அவர் பார்க்கவில்லை.

முதலில் வந்தவர் ஒரு கிழவர். கதவருகே வந்ததும் நின்றார். ஆணிகளைப் பார்த்தார். சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவி, துருப்பிடித்த வில்லை ஒன்றை எடுத்து, முதல் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

அவருக்குப் பின்னால் வந்த பெண் சாவிக்கொத்திலிருந்து கழற்றி மாட்டினாள். அடுத்தவர் பர்ஸிலிருந்து. பத்து வருடம் முன்பு எல்லோரும் உலையில் போட்டுவிட்டார்கள் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. எங்கே போட்டார்கள்? வில்லை இல்லாத இளசுகள் கைக்குக் கிடைத்ததை மாட்டினார்கள். ஒருத்தி வளையலை மாட்டினாள். ஒருவன் தன் தொப்பியை மாட்டினான்.

செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. "வேண்டாம், வேண்டாம்! அது சும்மா அலங்காரம். சட்டம் எடுத்தாச்சு. நீங்க பாட்டுக்கு உள்ள போங்க!"

"போறோம்மா," என்பார்கள். மாட்டிவிட்டுப் போவார்கள்.

முந்நூறாவது ஆணி நிறைந்தது. அடுத்து நின்றவள் இடுப்பில் குழந்தையோடு வந்த ஒருத்தி. சுவரை ஒரு முறை பார்த்தாள், பின்பக்கம் திரும்பி, "நெறைஞ்சிருச்சு," என்றாள். அவ்வளவுதான். யாரும் தள்ளவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மிச்சம் முந்நூறு பேரும் சுரங்கவழியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியை இந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்கள்.

"இடம் இருக்கு!" செண்பகவல்லி அவர்கள் முன்னால் மண்டியிட்டே விட்டார். "பாதிக் கூடம் காலி. உங்களுக்காகத்தான் கட்டினேன். தயவுசெஞ்சு உள்ள வாங்க. இந்தக் கதவு யாரையும் தடுக்காது."

"கதவு தடுக்கலம்மா," என்றாள் குழந்தைக்காரி. "நாங்கதான் இங்க உக்காந்திருக்கோம். நல்லாத்தான் இருக்கு, நீங்க கவலப்படாதீங்க."

அந்த நேரத்தில் தலைவர் வந்தார். வண்டியில் உரையைப் படித்துப் பார்த்ததில் நேரமாகிவிட்டதாம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுக்கு வந்தவரைக் கிழவிகள் இரண்டு பேர் மறித்தார்கள்.

"ஆணி இல்லீங்க."

"நான் தலைவர்!"

"ஆமாங்க. ஆணி இல்லீங்க."

"அதோ இடப்பக்கம் ஒண்ணு காலியா இருக்கே?"

கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுல மாட்டக்கூடாதுங்க," என்றாள் ஒருத்தி. காரணம் சொல்லவில்லை. வேதரத்தினம் என்னை முறைத்தார். நான் நிலைத் தகட்டை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கடைசியில் அவர் சுரங்கவழித் தரையில் உட்கார்ந்துதான் தன் உரையைப் படித்தார். ஒரு மணி நேர உரை. முந்நூறு நட்சத்திரங்கள் வந்த இடத்தில் கூட்டம் மரியாதையாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

பதினொன்றரை இருக்கும். மேல்வாசல் பக்கமிருந்து ஓர் ஆள் ஓடி வருவது தெரிந்தது. வெளியுடை முழுக்கச் சிவப்புப் புழுதி, தலைக்கவசம் கையில். காற்றுக் கொட்டகையில் இயந்திரம் பார்க்கும் பாத்திமுத்து.

உட்கார்ந்திருந்த முந்நூறு பேரும் வழிவிட்டார்கள். ஒரு கிழவி, "இந்தா, இதுல, இதுல," என்று இடப்பக்க ஆணியைக் காட்டினாள். பாத்திமுத்து ஓட்டத்தை நிறுத்தாமலே கழுத்து வில்லையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு உள்ளே பாய்ந்தாள். மறு நிமிடம் அதே வேகத்தில் வெளியே வந்தாள்.

"உள்ள எத்தன பேரு?"

"முந்நூறு," என்றேன்.

"நல்லாத் தெரியுமா?"

நான் ஆணிகளைக் காட்டினேன்.

அவள் சுவரில் சாய்ந்தாள். சறுக்கிக்கொண்டே போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அல்லாஹ்! நான் செத்தே போயிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், ஒருத்தரும் எடுக்கல. இயந்திரம் முந்நூறுலயே நிக்குது சார், ஒரு தலைகூட ஏறல. இன்னும் கூட்டம் வரலையாக்கும்னு இருந்தேன். அப்புறம் ஒலிபெருக்கில தலைவர் குரல் கேக்குது. அறுநூறு பேருன்னு சொல்லிட்டிருந்தாங்களே, அத்தன பேரும் உள்ள இருந்தா ஒரு மணி நேரத்துல தூக்கம் வரும். அது கெட்ட காத்துன்னு யாருக்கும் தெரியாது. உரை கேட்டுத் தூங்கறாங்கன்னு நெனப்பாங்க. கண்ணு என்னாச்சு? கதவுக் கண்ணு?"

எல்லோரும் மேலே பார்த்தோம். நிலையின் நட்டநடுவில், கண் இருக்க வேண்டிய இடத்தை முழுக்க மூடிக்கொண்டு, நட்சத்திரம் பொறித்த நாலடித் தகடு பளபளத்தது.

விழாத் திட்டத்தில் நாலு மணி நேர நிகழ்ச்சி. அந்த வாசலில் குழந்தைகளை அள்ளிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் பார்த்திருந்தேன். ஏணியைக் கொண்டு வரச் சொல்லி நானே ஏறினேன். திருகாணிகளைக் கழற்றும்போது அவசரத்தில் இரண்டு முறை கீழே போட்டேன். வேதரத்தினம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த மனிதரை அன்றுதான் எனக்குப் பிடித்துப்போயிற்று.

தகடு இறங்கியது. கண் விழித்துக்கொண்டது. இனிக் கண்ணே எண்ணும், உள்ளே வாங்க என்று சொல்லிவிட்டுப் பாத்திமுத்து கொட்டகைக்குத் திரும்பிப் போய், ஏற்கெனவே உள்ளே இருந்த முந்நூறைக் கணக்கில் ஏற்றினாள். சுரங்கவழியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போகப் போக, இயந்திரம் ஏறுகிறது ஏறுகிறது என்று அவள் ஒலிபெருக்கியில் கூவிச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே பாட்டு தொடங்கியது. அப்படி ஒரு கூத்தும் கும்மாளமும் எந்த விடுதலை நாளிலும் நடந்ததில்லை. என் கையெழுத்துப் போட்ட ஆணையைப் பற்றி விசாரணை வரும், வரட்டும். அத்தனை பேரும் உயிரோடு பாடிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது போதும்.

செண்பகவல்லி மட்டும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சவரிமுத்து போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். நான் ஏணியடியில் திருகாணி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, என் கதவு இன்னிக்கு இவங்களக் கொன்னிருக்கும்," என்றார் செண்பகவல்லி.

"கொல்லலியேம்மா."

"இடப்பக்கத்து ஆணில ஏன் மாட்டக்கூடாது? தலைவரைக்கூட விடல. பாத்திமுத்துவ விட்டாங்க."

சவரிமுத்து கொஞ்ச நேரம் கையிலிருந்த புழுதியைத் தட்டினார்.

"அது வெளியிலேர்ந்து ஓடி வர்றவங்களுக்கும்மா. நீங்க ஊரவிட்டுப் போனப்புறம் வந்த பழக்கம். நாப்பது ஆணின்னா முப்பத்தொம்பதுலதான் மாட்டுவோம். கடைசி ஆணி எப்பவும் காலி. ஒரு ஆளு ஏன் கொறையுதுன்னு கம்பெனிக்காரன் திட்டுவான். ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். நாங்களா வீடு கட்ட ஆரம்பிச்சப்ப அந்த ஆணிய இடப்பக்கம் தனியா வெச்சோம்."

"ஏன் இடப்பக்கம்?"

"தெய்வானைக்கு நொட்டாங்கைப் பழக்கம். எங்க செட்டுலதான் வேல செஞ்சா. வலப்பக்கப் பலகையில அவ எட்டி மாட்டறப்பல்லாம் எங்க மூஞ்சில இடிப்பா, தினம் சண்டை. அன்னிக்கு ஏழாம் கதவுல நாப்பதாவதா மாட்டுனவன் நான்தாம்மா. மாட்டிட்டுத் திரும்பிப் பாத்தேன். வந்துக்கிட்டுத்தான் இருந்தா."

உள்ளே பாட்டுச் சத்தம் பலமாகக் கேட்டது. செண்பகவல்லி அழுதார். பத்து நாள் முன்பு அழாததையும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன். மேஸ்திரி எழுந்து போகவில்லை.

"ஆணியப் பாத்த அன்னிக்கே ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஆணின்னாலே நீங்க மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க. அப்புறம் எங்க சொல்றது?"

செண்பகவல்லி சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை எடுத்தார். 212. எழுந்து, பாத்திமுத்து எடுத்துக்கொண்டு போனபின் காலியாக இருந்த அந்த ஆணியருகே போய், வில்லையைத் தூக்கிப் பிடித்தார். மாட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வில்லை ஆணியைத் தொட்டது. பிறகு கையை இறக்கி, சங்கிலியைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பென்சிலையும் கசங்கிய ஒரு தாளையும் எடுத்தார்.

"நாலாங்குழிப் பள்ளிக்கூடத்துக்கு வரைஞ்சிட்டிருக்கேன் மேஸ்திரி. இதைப் படத்துலயே போட்டுடறேன். தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்?"

சவரிமுத்து சுவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரோ நிற்பது போல, தன் தோளுக்குக் கொஞ்சம் கீழே உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.